அட்டைக் கடனும் குடியிருக்கும் வீடும்: திண்டுக்கல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கிரெடிட் கார்டு பாக்கிக்காக வங்கி வழக்குப் போட்டால் குடியிருக்கும் வீடு கையைவிட்டுப் போகுமா? சம்மன் கைக்கு வந்ததும் எவருக்கும் எழும் முதல் கேள்வி இது. இதற்குச் சட்டம் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்வதில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு ஒரு பதில்; நிலக்கோட்டைப் பக்கம் பூந்தோட்டத்தை நம்பிப் பிழைப்பவருக்கு வேறொரு பதில். தொகையும் வங்கியும் ஒன்றாக இருந்து, இருவருடைய வீடும் ஒரே அளவு ஓட்டு வீடாக இருந்தாலும் பதில் மாறும். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, வீட்டுக்காரர் அதை எந்தக் கட்டத்தில் கையில் எடுக்கலாம் என்பதே இங்கே ஆய்வுப் பொருள். வீட்டுக்கடன் பாக்கியும் கந்துவட்டியும் ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் வரும்.

2. கடனின் இயல்பு

அட்டைக் கடனுக்குப் பிணை கிடையாது. வீட்டுக்கடன் தவறினால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, உரிமையியல் வழக்கே போடாமல் வீட்டைச் சுவாதீனம் எடுக்க முடியும். அட்டைக் கடனுக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கும் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த வங்கிக் கடன் போக முடியாது. அந்த வரம்பு 2018 செப்டம்பரில் 10 லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. ஆகவே சாதாரண அட்டைப் பாக்கிக்கு வங்கியின் முன் இருப்பவை இரண்டே வழிகள்: உரிமையியல் நீதிமன்றம், அல்லது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நடுவர். “நாளைக்கே வீட்டை ஜப்தி பண்ணிவிடுவோம்” என்று வசூல் முகவர் போனில் மிரட்டுவது வெறும் பேச்சு. தீர்ப்பாணையோ நடுவர் தீர்ப்போ கையில் இல்லாமல் விற்பனைக்காக ஒரு செங்கல்லையும் தொட முடியாது. தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 38, விதி 5 இடம் தருகிறது. ஆனால் தீர்ப்பை ஏமாற்றுவதற்காகப் பிரதிவாதி சொத்தைக் கைமாற்றப் பார்க்கிறார் என்று வங்கி நீதிமன்றத்துக்குக் காட்டியாக வேண்டும்.

முகவர் பேசும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவித்தது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதே விவகாரம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் அதை எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், இது சம்மனுக்கு முன்பு பயன்படுத்த வேண்டிய வழி.

3. வட்டி

திண்டுக்கல் கடைவீதியில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்றுதான் பேசுவார்கள்: ரெண்டு வட்டி, மூணு வட்டி. அந்தக் கணக்கில் பல அட்டைகள் மூன்றரை வட்டிக்கும் மேல் நிற்கின்றன. மாதம் 3.5 சதவீதம் கூட்டுவட்டியாக ஏறினால் ஒரு லட்சம் ரூபாய் மூன்று வருடத்தில் ஏறத்தாழ 3 லட்சத்து 45 ஆயிரம் ஆகும். இதே விகிதம் தனிவட்டியாக இருந்தால் 2 லட்சத்து 26 ஆயிரத்தோடு நிற்கும். தாமதக் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இந்தக் கணக்கில் வரவில்லை.

இதைக் கந்துவட்டி என்று நீதிமன்றத்தில் வாதிட முடியுமா? தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுக்கும் 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் வங்கிகளுக்காக எழுதப்பட்டதல்ல. வட்டி மிகையென்று நீதிமன்றமே கணக்கைத் திறந்து பார்க்க 1918ஆம் ஆண்டின் அதிவட்டிக் கடன் சட்டம் இடம் தந்தது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984இல் சேர்ந்த 21ஏ பிரிவு அந்தக் கதவை வங்கிகளைப் பொறுத்தவரை சாத்திவிட்டது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் ‘ஆவாஸ்’ என்ற அமைப்பின் வழக்கில் 2008இல் சொன்னது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்தும் செய்தது. வட்டி விகிதத்தைக் கட்டுப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. தீர்ப்பில் சட்ட இலக்கணம் சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வேலையை ரிசர்வ் வங்கி செய்து ஓர் உச்சவரம்பு வைத்ததில்லை என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் இரண்டு இடங்களில் பிடி இருக்கிறது. கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது என்கிறது ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட அட்டை நெறிமுறை. வங்கி தாக்கல் செய்யும் கணக்கை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தால் இந்த விதி மீறப்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது பிடி இதைவிடப் பெரியது. வழக்குத் தாக்கலான நாளுக்குப் பிந்தைய வட்டியை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு நீதிபதியின் கையில் விடுகிறது. தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ‘வணிகப் பரிவர்த்தனை’ என்றால் மட்டும் ஒப்பந்த விகிதம் வரை போகலாம். எது வணிகப் பரிவர்த்தனை என்பதற்கு அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது: கடன்பட்டவரின் தொழில் அல்லது வியாபாரத்தோடு தொடர்புடையது. மருத்துவச் செலவுக்கும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அட்டையைத் தேய்த்தவர் 6 சதவீதத்தைக் கேட்கலாம். அதே அட்டையில் கடைக்குச் சரக்கு எடுத்தவருக்கு அந்த வாதம் பலவீனப்படும். ஆகவே எதற்காகச் செலவழித்தோம் என்பதை எதிர்வழக்குரையிலேயே சொல்லிப் பில்களை இணைப்பது பயன் தரும்.

4. சம்மனிலிருந்து எதிர்வழக்குரை வரை

வீட்டை இழப்பதற்கான வாசல் பெரும்பாலும் திறப்பது இந்தக் கட்டத்தில்தான். பிரதிவாதி வராவிட்டால் நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாணை வழங்கும். வங்கி கேட்ட தொகையும் வட்டியும் எந்தக் கேள்வியும் இல்லாமல் தீர்ப்பாணையில் ஏறிவிடும்.

சம்மனை வாங்க மறுப்பதால் ஒன்றும் ஆகாது. மறுத்தாலும் கொடுக்கப்பட்டதாகவே நீதிமன்றம் கொள்ளும், கதவில் ஒட்டினாலும் செல்லும். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வீடும் திருப்பூரில் வேலையுமாக இருப்பவருக்குக் கதவில் ஒட்டிய காகிதம் பொங்கலுக்கு ஊர் வரும்போதுதான் கண்ணில் படும். சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தன் பெயரைக் கொடுத்துத் தேடிப் பார்ப்பது நல்லது. ஒருதலைப்பட்சத் (எக்ஸ்பார்ட்டி) தீர்ப்பாணை வந்துவிட்டால் கட்டளை 9, விதி 13இன்படி அதை நீக்கக் கோரலாம். அதற்குக் கெடு 30 நாள். சம்மன் முறையாகக் கிடைக்கவில்லை என்றால் தீர்ப்பைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும்.

வந்திருப்பது எந்த வகை வழக்கு என்பதை முதல் நாளே பார்க்க வேண்டும். சாதாரண உரிமையியல் (ஓ.எஸ்.) வழக்கில் எதிர்வழக்குரைக்கு 30 நாள். நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். கட்டளை 37இன் கீழ் வரும் சுருக்க வழக்கில் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். பிறகு வாதாட அனுமதியே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வணிக நீதிமன்ற வழக்கு என்றால் 120ஆவது நாளோடு கதவு மூடிவிடும். நீதிபதி நினைத்தாலும் திறக்க முடியாது. ஆவணங்களைத் தேடிக்கொண்டிருந்தோம் என்று பிறகு சொல்வதில் பயனில்லை. வக்காலத்தை முதலில் போட்டுவிட்டு ஆவணங்களைத் தேடலாம்.

5. எதிர்வழக்குரையில் என்ன சொல்லலாம்

“கடனே வாங்கவில்லை” என்ற பொய்யான மறுப்பு பிரதிவாதிக்குத்தான் கேடு. செலவுப் பட்டியலில் அவர் ஊர் பெட்ரோல் பங்க் பெயரே இருக்கும்.

காலவரம்பு உண்மையான தற்காப்பு. பணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு. பிரதிவாதி எழுப்பாவிட்டாலும் காலம் கடந்த வழக்கைத் தள்ளுபடி செய்வது நீதிமன்றத்தின் கடமை என்கிறது காலவரம்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு. ஆனால் கணக்குப் போடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கொரோனாவை முன்னிட்டு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே 2019 நடுவில் தவறிய பாக்கிக்கு 2023இல் போட்ட வழக்கும் காலத்துக்குள் வரலாம். கெடு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிய ஒரு மின்னஞ்சலோ, கையொப்பமிட்ட ஒரு கடிதமோ மூன்று ஆண்டை மறுபடி தொடங்கிவைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கெடு முடிந்த பிறகு “கட்டிவிடுகிறேன்” என்று எழுதிக் கையொப்பமிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதைப் புதிய வாக்குறுதியாகவே ஏற்கும். முகவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது நிரூபணம். கணினியில் எடுத்த கணக்கு அறிக்கைக்கு வங்கியாளர் ஏடுகள் சான்றுச் சட்டம், 1891இன் 2ஏ பிரிவுச் சான்றிதழ் வேண்டும். மின்னணு ஆவணத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுச் சான்றும் கேட்கலாம். கணக்கு ஏட்டின் பதிவு மட்டும் ஒருவரைக் கடனாளி ஆக்கப் போதாது என்பது சான்றுச் சட்டத்தின் பழைய நெறி. வாதி வங்கியாக இல்லாமல், கடனை விலைக்கு வாங்கிய சொத்து மறுசீரமைப்பு நிறுவனமாக இருந்தால், தன் கடன் அதற்கு மாற்றப்பட்டதற்கான பத்திரத்தைக் காட்டச் சொல்லலாம். வங்கி பாக்கியை ‘ரைட் ஆஃப்’ செய்துவிட்டது என்பது மட்டும் தற்காப்பாகாது. அது வங்கியின் கணக்குப் புத்தகச் சமாச்சாரம். கடன் அப்படியேதான் இருக்கும்.

6. நடுவர் தீர்ப்பு

சில ஒப்பந்தங்களில் நடுவர் பிரிவு இருக்கும். சென்னையிலிருந்தோ வேறு பெருநகரிலிருந்தோ வரும் நடுவர் நோட்டீஸை விளம்பரத் தபால்போல ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. சென்னை நீதிமன்றம் தந்த தீர்ப்பாணையைத் திண்டுக்கல்லில் நிறைவேற்ற அதை இங்கே மாற்றி அனுப்ப வேண்டும். நடுவர் தீர்ப்புக்கு அந்தச் சுற்றும் வேண்டாம். சொத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே நேராக நிறைவேற்று மனு போடலாம் என்று சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கிவிட்டது. பிரதிவாதிக்குப் பலமான ஒரு வாதமும் உண்டு. தகராறில் ஒரு தரப்பாக இருப்பவரே தனி நடுவரை நியமிக்க முடியாது என்பது 2019ஆம் ஆண்டின் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் தீர்ப்பு. வங்கி தானாக ஒருவரை அமர்த்தியிருந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் அனுப்ப வேண்டும். தீர்ப்பு வந்துவிட்டால் அதை ரத்து செய்யக் கோர மூன்று மாதமும், காரணம் காட்டினால் மேலும் 30 நாளும்தான்.

7. அறுபதாம் பிரிவு: நகரமும் கிராமமும்

தீர்ப்பாணை வந்து, வங்கி நிறைவேற்று மனு (இ.பி.) போட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதை ஜப்தி செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்வது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. உடுக்கும் துணியும் சமையல் பாத்திரமும் படுக்கையும் தப்பும். கைவினைஞரின் கருவிகள் தப்பும். பூட்டுத் தொழிலாளியின் அரத்தையும் பட்டறைச் சாமானையும், சின்னாளபட்டி நெசவாளியின் தறியையும் காக்க இதைச் சுட்டலாம். வருங்கால வைப்பு நிதி தப்பும். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தப்பும். மாதம் 25,000 ரூபாய் வாங்குபவரிடம் அதிகபட்சம் 8,000 ரூபாய் பிடிக்கலாம். ஒரே தீர்ப்பாணைக்காக மொத்தம் 24 மாதம் பிடித்த பிறகு, அந்தத் தீர்ப்பாணைக்காக அவர் சம்பளத்தை மறுபடி தொட முடியாது.

வீட்டைப் பற்றிப் பேசுவது 60(1)(சி). விவசாயிக்கோ தொழிலாளிக்கோ வீட்டு வேலைக்காரருக்கோ சொந்தமான, அவர் குடியிருக்கும் வீட்டை, அதன் மனையோடும் அனுபவிக்கத் தேவையான ஒட்டு நிலத்தோடும் ஜப்தி செய்யவோ விற்கவோ கூடாது. விவசாயி 1908 முதலே அதில் இருக்கிறார். தொழிலாளியும் வீட்டு வேலைக்காரரும் 1976 திருத்தத்தில் சேர்ந்தார்கள். யார் விவசாயி என்பதற்கு விளக்கமும் அங்கேயே இருக்கிறது. தானே நிலத்தைப் பயிரிட்டு, பிழைப்புக்கு முக்கியமாக அந்த வருமானத்தை நம்பியிருப்பவர். சொந்த நிலமாக இருக்க வேண்டியதில்லை. குத்தகைதாரரும் விவசாயக் கூலியும் அடங்குவர். கூலிக்கு ஆள் வைத்துப் பயிரிட்டாலும் ‘தானே பயிரிடுவது’தான்.

நிலக்கோட்டையின் பூ விவசாயிக்கும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றுகிறவருக்கும் இது பெரிய அரண். ஆனால் தானாக எழுந்து நிற்கும் அரணல்ல. தான் விவசாயி என்று நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அடங்கலும் சிட்டாவும், சந்தையில் கமிஷன் கடை கொடுத்த ரசீதும், உர வாங்கல் பில்லும் வேண்டும். ஏலத்துக்கு முன்பே ஆட்சேபத்தை எழுப்ப வேண்டும். இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக அட்டை விண்ணப்பத்தில் எங்காவது கையெழுத்திட்டிருந்தாலும் அந்த உடன்பாடு செல்லாது என்பது 60(1ஏ).

சிக்கல் நடுவில் இருப்பவர்களிடம். மூன்று ஏக்கர் தென்னையும் அரசுப் பள்ளிச் சம்பளமும் உள்ள ஆசிரியர் ‘முக்கியமாக’ எதை நம்பிப் பிழைக்கிறார்? சம்பளத்தை என்றுதான் நீதிமன்றம் சொல்லக்கூடும். வேடசந்தூர் நூற்பாலையில் இயந்திரம் ஓட்டுபவர் தொழிலாளி. அதே ஆலையின் கணக்குப்பிள்ளை தொழிலாளியா? வாதாடிப் பார்க்க வேண்டியதுதான். நகரத்து மளிகைக் கடைக்காரர், ஆட்டோ உதிரிபாகக் கடைக்காரர், தனியார் நிறுவன ஊழியர் ஆகியோரின் ஒற்றை வீட்டுக்கு இந்தப் பிரிவில் ஒரு சொல்கூட இல்லை.

1908ஆம் ஆண்டில் இந்தப் பாகுபாடு நியாயமாகப் பட்டிருக்கும். கடனில் முழுகுகிறவர் என்றாலே விவசாயி என்ற காலம் அது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் நிவாரணச் சட்டமும் அதே மனநிலையில் பிறந்ததுதான். அட்டைக் கடன் முதலில் நகரத்து மாதச் சம்பளக்காரரைத்தான் தேடி வருகிறது. தேடி வரும் கடனுக்கும் காக்கும் பிரிவுக்கும் சந்திப்பே இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ், தனிக் குடியரசாக இருந்த 1839லேயே குடும்பத்தின் குடியிருப்பு வீட்டைச் சாதாரணக் கடன்காரரிடமிருந்து காத்தது. அங்கே இன்றும் வீட்டுக்காரரின் தொழிலைக் கேட்பதில்லை. நம் சட்டமும் தொழிலை விட்டுவிட்டு, குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு ஒரு மதிப்பு வரம்பு வரை பாதுகாப்புத் தருவதே முறை என்பது இந்தக் கட்டுரையாசிரியரின் கருத்து.

வீட்டுக்கடனுக்காக எம்.ஓ.டி. (பத்திர ஒப்படைப்பு ஆவணம்) பதிந்து அடமானம் வைத்த வங்கிக்கு எதிராக 60(1)(சி) நிற்காது என்பதே பொதுவான நிலைப்பாடு. ஆனால் அட்டை வங்கி வேறாக இருந்தால் அந்த அடமானமே ஒரு விதத்தில் கேடயம். முந்தைய அடமானத்துக்கு உட்பட்டுத்தான் வீட்டை ஏலம் விட முடியும். மீதி மதிப்புக் குறைவாக இருந்தால் ஏலம் எடுக்க ஆள் வருவது அரிது.

8. மனைவி பெயருக்கு எழுதிவைப்பது

சம்மன் வந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடி மனைவிக்கோ மகனுக்கோ செட்டில்மெண்ட் எழுதுவது ஊரறிந்த வைத்தியம். சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆவது பிரிவு கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றத்தை ரத்து செய்ய வைக்கும். ஜப்திக்குப் பிறகு செய்த மாற்றம் கடன்காரருக்கு எதிராகச் செல்லவே செல்லாது. இதைவிட மோசமானது, நாம் மேலே பார்த்த தீர்ப்புக்கு முந்தைய முடக்கத்துக்கு அந்தச் செட்டில்மெண்டே ஆதாரமாகிவிடுவது.

உண்மையிலேயே மனைவியின் சீதனப் பணத்திலோ அப்பாவின் பாகத்திலோ வந்த வீடு என்றால் நிலை வேறு. கணவரின் அட்டைக் கடனுக்கு மனைவியின் சொத்து பொறுப்பாகாது. தந்தையின் கடனை அடைப்பது மகனின் புண்ணியக் கடமை என்ற பழைய இந்துச் சட்ட நெறி, 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்குச் செல்லாது. கூட்டுக் குடும்ப வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் உள்ள பங்கை அந்தக் கடனுக்காகத் தொட முடியாது. கடனாளி இறந்துபோனால் வாரிசுகள் தங்கள் கைக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு.

9. ஏலத்துக்கு முன்னும் பின்னும்

தீர்ப்பாணைத் தொகைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொத்தைத்தான் விற்கலாம் என்பது கட்டளை 21, விதி 64. அம்பட்டி நரசய்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நீதிமன்றத்தின் விருப்பமாக அல்ல, கடமையாகவே சொன்னது. மூன்று லட்ச ரூபாய்க்கு முப்பது லட்ச வீட்டை மொத்தமாக ஏலத்துக்கு வைத்தால், காலி மனையின் ஒரு பகுதியை மட்டும் விற்கும்படி கேட்கலாம். விதி 83இன்படி, தானே நல்ல விலைக்கு விற்றோ அடமானம் வைத்தோ கட்ட அவகாசம் கேட்கலாம். ஏலம் முடிந்த பிறகும் 60 நாளுக்குள் ஏலத் தொகையில் 5 சதவீதத்தை எடுத்தவருக்கும், அறிவிப்பில் கண்ட பாக்கியை வங்கிக்கும் கட்டினால் விற்பனை ரத்தாகும்.

கைது பற்றிய பயம் பெரும்பாலும் ஆதாரமற்றது. கட்ட வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தில் மறுப்பவரை மட்டுமே சிறையில் அடைக்கலாம் என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் 1980இல் எழுதினார். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

10. சமரசம்

தீர்ப்புக்கு முன் சமரசம் பேசுவது மலிவு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் வாதிக்குக் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதால் வங்கிக்கும் அதில் ஆசை உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை. கட்ட முடியாத தவணைக்கு ஒப்புக்கொண்டால் அதுவே நிறைவேற்றத்தக்க தீர்ப்பாணையாகித் திரும்பி வரும்.

தீர்ப்பாணைக்குப் பின் கட்டும் பணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே கட்டியதை முறைப்படி பதிவு செய்யாவிட்டால், நிறைவேற்று நீதிமன்றம் அதைக் கண்டுகொள்ளாது என்கிறது கட்டளை 21, விதி 2. முகவரிடம் ரொக்கமாகக் கொடுத்த ஐம்பதாயிரம் இப்படித்தான் காணாமல் போகும். வங்கிக் கணக்கு வழியாகக் கட்டி, 30 நாளுக்குள் பதிவு செய்யக் கோரி மனுப் போட வேண்டும். அட்டை தந்த வங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால், ஒப்பந்தத்தின் பலத்தில் வங்கி அதிலிருந்தே பிடித்துக்கொள்ளப் பார்க்கும். கணக்கை வேறு வங்கிக்கு மாற்றுவதில் சட்டப் பிழை ஒன்றுமில்லை.

11. மஞ்சள் நோட்டீஸ்

எல்லா வழியும் அடைபட்டவருக்குத் திவால் மனு (ஐ.பி.) தாக்கல். ஊரில் இதை மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது என்பார்கள். கேட்டவர் முகம் சுளிப்பார். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, பெருநிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. திண்டுக்கல் கடனாளிக்கு இன்னும் 1920ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம்தான். அதன்படி மனுப் போட 500 ரூபாய்க் கடனே போதும். அந்தத் தொகை நூறாண்டாக மாறவில்லை. திவாலானவர் என்று அறிவித்ததும் சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் கைக்குப் போகும். 60ஆவது பிரிவு காக்கும் சொத்து மட்டும் போகாது. எனவே விவசாயிக்கும் தொழிலாளிக்கும் இது வீட்டோடு கரையேறும் வழி. மற்றவர்களுக்கு வீட்டைக் கொடுத்துக் கடனிலிருந்து விடுபடும் வழி. மனுத் தாக்கலுக்கு முந்தைய இரண்டு ஆண்டில் விலையின்றி எழுதிவைத்தவற்றை ரிசீவர் திரும்ப எடுக்கலாம். மனுவோடு எல்லாக் கடனுக்கும் எல்லாச் சொத்துக்கும் பட்டியல் தர வேண்டும். ஏமாற்றும் நோக்கில் மறைத்தால் 69ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை.